படிப்பறைச் சுவரில் பாட்டையா

வாசகர் கேள்வி–பதில்: புத்தக அறையும் உருவ ஓவியங்களும்

பழைய வீட்டில் ஓர் அறையைப் புத்தக அறையாக மாற்றி, குடும்பத்துப் பெரியவர்களின் உருவப்படங்களையோ பெயர்பெற்ற ஓவியங்களையோ அங்கே மாட்ட விரும்பும் செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படச்சட்டம் போடுபவர், ஓவியப் பராமரிப்பு தெரிந்தவர், சுண்ணாம்பு வேலைக் கொத்தனார் ஆகியோர் சொன்னவை சேர்ந்த பதில்கள் இவை.

காரைக்குடி வாசகர்: மாடியில் 14 அடிக்கு 12 அடி அறையைப் புத்தக அறை ஆக்கியிருக்கிறோம். இரண்டு சுவரில் 6 அடி உயர அலமாரிகள். கீழே முகப்பில், நிலைக்கு மேலே பாட்டையாவுக்கும் அவர் தம்பிக்கும் ஆளுக்கு ஓர் ஆயில் பெயின்டிங் இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டரைக்கு மூன்றரை அடி. மாடிக்குக் கொண்டுபோகப் பங்காளிகள் சம்மதித்துவிட்டார்கள். எந்த உயரத்தில் மாட்டுவது? அலமாரிக்கு மேலே வைத்துவிடலாமா?

அலமாரிக்கு மேலே வேண்டாம். முகப்பில் அந்தப் படங்கள் உயரத்தில் இருந்ததற்குக் காரணம் உண்டு. படியேறி வருகிறவர் நின்றபடி அண்ணாந்து பார்ப்பதற்காக மாட்டியவை அவை. படிப்பறையில் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். 10 அடி உயரத்தில் உள்ள முகத்தை 8 அடி தள்ளி உட்கார்ந்து பார்க்க, பார்வையை 37 டிகிரி நிமிர்த்த வேண்டும். ஒரு வாரம் போனால் அந்தப் பக்கம் யாரும் திரும்பக்கூட மாட்டார்கள்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும் என்று பிரேம் கடைகளில் ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். இயற்கைக் காட்சிக்கு அது சரி. உருவ ஓவியத்தில் நடுப்புள்ளி போய் விழுவது சட்டைப் பொத்தானில். நாம் பார்ப்பது முகத்தை, அதிலும் கண்ணை. அதனால் படத்தில் உள்ளவரின் கண்ணிலிருந்து அளவெடுங்கள்.

உங்கள் படத்தில் கண், மேல் விளிம்பிலிருந்து சுமார் 1 அடி கீழே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண் தரையிலிருந்து ஐந்தரை அடியில் வரும்படி மாட்டினால், படத்தின் மேல் விளிம்பு ஆறரை அடியிலும் கீழ் விளிம்பு 3 அடியிலும் நிற்கும். இரண்டரை அடி உயர மேசையைக் கீழே போட்டாலும் அரை அடி இடைவெளி மிஞ்சும். 8 அடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் படத்தின் கண் தன் கண்ணைவிட ஒன்றரை அடிதான் உயரம். 10, 11 டிகிரி பார்வை. கழுத்து வலிக்காது. அந்த அளவுப் படத்துக்கு மூலைக்கு மூலை 4 அடி 3 அங்குலம் வரும். அதைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு தூரத்திலிருந்து பார்த்தால்தான் முகமும் உடையும் ஒருசேரத் தெரியும். ஆகவே அலமாரி இல்லாத நீளச் சுவரில் மாட்டி, நாற்காலியை எதிர்ப்பக்கம் போடுங்கள்.

இன்னொன்று, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் பார்ப்பவர் வலக்கோடியிலும், வலப்பக்கம் பார்ப்பவர் இடக்கோடியிலும் இருந்தால் இருவரும் அறைக்குள் பார்ப்பார்கள். மாற்றி மாட்டினால் ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு சுவரை முறைப்பதுபோல் இருக்கும். அண்ணன் தம்பியாகப் போய்விட்டார்கள், கவனம்.

உயரத்தில்தான் மாட்டியாக வேண்டிய சிறிய படங்களை முன்பக்கம் சாய்த்து மாட்டுங்கள். 3 அடிப் படத்துக்கு மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 3 அங்குலம் வெளியே வந்தால் போதும். சட்டத்தின் பின்னால் உள்ள வளையத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கி, கம்பியைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் படம் தானாகச் சாயும். இப்படிச் சாய்த்தால் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிப்பதும் குறையும், படத்தின் முகத்தில் தூசு படிவதும் குறையும். பழைய வீடுகளில் படங்களெல்லாம் குனிந்து பார்ப்பதுபோல் தொங்குவது அதனால்தான்.

பள்ளத்தூர் வாசகி: பளபளப்பான செட்டிநாட்டுப் பூச்சுச் சுவரில் ஆசாரி ஆணி அடித்தார். இரண்டாவது அடியிலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. இன்னும் நான்கு படங்கள் இருக்கின்றன. ஒன்று 8 கிலோ. எப்படி மாட்டுவது?

அந்தச் சுவரில் இனி யாரையும் சுத்தியல் எடுக்க விடாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த மேற்பூச்சு மெல்லியது, கெட்டியானது, கண்ணாடிபோல நொறுங்கக் கூடியது. அதற்கு அடியில் இருப்பதோ மிருதுவான சுண்ணாம்புக் காரை. ஆணியின் அதிர்ச்சி கெட்டிப் பூச்சு வழியாகப் பரவி, காரையோடு உள்ள பிடிப்பை விடுவித்துவிடும். நூறாண்டு ஆன சுவரில் அந்தப் பிடிப்பு ஏற்கெனவே ஆங்காங்கே விட்டிருக்கும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் எதையும் மாட்டக் கூடாது. அந்த இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்து வையுங்கள்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. 2 அடிக்கு 3 அடிப் படத்துக்குக் கண்ணாடி மட்டும் 4 கிலோவுக்கு மேல். அதே கனத்தில் அக்ரிலிக் ஷீட் போட்டால் 2 கிலோதான். அக்ரிலிக்கில் கீறல் விழும், துடைத்தால் தூசை இழுக்கும். ஆனால் நலிந்த சுவருக்கு அதுவே நல்லது. ஆயில் பெயின்டிங்குக்குக் கண்ணாடியே தேவையில்லை, எடை பாதியாகும். உங்கள் 8 கிலோப் படம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

சுவரைத் தொடாமல் மாட்ட வழி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மேலே பர்மாத் தேக்கு உத்திரமோ சுவர் ஓரமாக ஓடும் மரச்சட்டமோ இருந்தால், அதில் கொக்கித் திருகாணி போட்டு மெல்லிய ஸ்டீல் கம்பியில் படத்தைக் கீழே இறக்கலாம். கம்பி தெரியுமே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு கம்பியும் நேராக, தூக்குக்குண்டு பிடித்த மாதிரி விழுந்தால் அதுவே அழகு.

மரம் இல்லாவிட்டால், 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் தேக்கு ரீப்பர் ஒன்றைச் சுவர் நீளத்துக்கு 7 அடி உயரத்தில் பதித்துவிடுங்கள். துளை போட வேண்டியது ஒரே ஒருமுறை. பிறகு எத்தனை படத்தை மாற்றினாலும் ரீப்பரிலேயே கொக்கி. துளையிடும் முறை இது:

இரண்டடிக்கு ஓர் இடம் குறித்து, மேலே மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். டிரில்லில் சுத்தியல் குறி உள்ள பொத்தானை அணைத்து, சுழற்சி மட்டும் வையுங்கள். முதலில் 3 மி.மீ. பிட், மெதுவான வேகத்தில், பூச்சைத் தாண்டும் வரை. பிறகு 6, அதற்குப் பிறகு 8 மி.மீ. வெள்ளைத்தூள் வரும் வரை காரைதான். செந்தூள் வந்தால் செங்கல்லை எட்டிவிட்டது என்று பொருள். செங்கல்லுக்குள் குறைந்தது 5 செ.மீ. போக வேண்டும். எவ்வளவு ஆழம் போனாலும் வெள்ளைத்தூளே வந்தால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள இணைப்பில் இறங்கிவிட்டீர்கள். அங்கே பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, சுழன்றுகொண்டே இருக்கும். ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகருங்கள். துளைத் தூளை வாயால் ஊதாமல் வேக்குவம் வைத்தோ சைக்கிள் பம்பு வைத்தோ எடுத்துவிட்டு, 8 மி.மீ. நைலான் பிளக்கைக் கையால் அழுத்திச் செருகி, 5 மி.மீ. திருகாணியை ஸ்க்ரூ டிரைவரால் முறுக்குங்கள். பிளக் உள்ளே போகவில்லை என்று தட்டினால் முன்பு நடந்ததே மறுபடி நடக்கும்.

படத்தை மாட்டுமுன் ஒரு சோதனை. கொக்கியில் கயிறு கட்டி, சுவரில் உரசாமல் துண்டு மடித்து வைத்து, 16 லிட்டர் தண்ணீர் ஊற்றிய வாளியை ஓர் இரவு தொங்க விடுங்கள். உங்கள் 8 கிலோப் படத்துக்கு அது இருமடங்கு. காலையில் திருகாணித் தலைக்கு மேலே மயிரிழை விரிசல்கூட இல்லையென்றால் படத்தை மாட்டலாம்.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் வைக்காதீர்கள். சிமென்ட் சுண்ணாம்பைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. மழைக்காலம் இரண்டு போனால் அந்த ஒட்டைச் சுற்றி வளையம்போலப் பூச்சு உப்பிக்கொண்டு வரும். விழுந்த சில்லுகளை எடுத்து வைத்திருங்கள். நிறமும் கனமும் ஒப்பிட உதவும். நன்றாக ஊறிய நீற்றுச் சுண்ணாம்பும் சலித்த மணலும் சேர்த்துத்தான் அடைக்க வேண்டும். மேல் மெருகைப் பழைய பூச்சு வேலை தெரிந்த கொத்தனாரிடம் விடுங்கள்.

சிங்கப்பூர் வாசகர் (சொந்த ஊர் தேவகோட்டை): வீடு ஆண்டில் 10 மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும் திறக்கிறோம். புத்தக அறையில் கை வண்ணம் தீட்டிய பழைய போட்டோக்கள், அப்பத்தாவின் பெரிய உருவப்படம் எல்லாம் உண்டு. இம்முறை திறந்தபோது இரண்டு போட்டோவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. என்ன செய்வது? சிலவற்றைச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போகலாமா?

செட்டிநாட்டில் வெயில் படங்களைக் கெடுப்பதைவிடப் பூட்டு கெடுப்பது அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடிக்கும். பூட்டிய அறையில் காற்று நகராது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். கை வண்ணப் போட்டோவில் ஜெலட்டின் இருப்பதால் அது பூஞ்சைக்கு உணவாகவே ஆகிவிடுகிறது. அதே ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைக் கவ்விக்கொள்கிறது.

ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலுமாக வந்துவிடும். சட்டத்திலிருந்து கண்ணாடியோடு சேர்த்தே எடுத்து, கண்ணாடி வழியாகவே நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். பிறகு அப்படியே புதிய சட்டத்தில் வைத்து, ஓவியப் பராமரிப்பாளர் கைக்குப் போகும் வரை காத்திருங்கள்.

வெள்ளையாகப் பூத்ததற்கு: முகக்கவசம் போட்டுக்கொண்டு, படத்தைப் புத்தக அறையிலிருந்து தள்ளி, நிழலும் காற்றும் உள்ள பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) வையுங்கள். முற்றத்து வெயிலில் காயப்போட்டால் காகிதம் வளைந்து வண்ணம் வெடிக்கும். பூஞ்சை நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில், படத்தைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து, தட்டாமல் வருடி விடுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஆயில் பெயின்டிங்கில் வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் பிரஷ்ஷும் படக் கூடாது. படுக்க வைத்து, அப்படியே பராமரிப்பாளரிடம்.

இனி வராமல் இருக்க வேண்டியது படத்துக்குப் பின்னால் காற்று. சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் 1 செ.மீ. கனக் கார்க் துண்டு ஒட்டிவிட்டால் படம் சுவரைத் தொடாது. பழைய படங்களின் பின்னால் அடித்திருக்கும் பலகையையும் செய்தித்தாளையும் எடுத்துவிட்டு, அமிலமில்லா அட்டை வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஜன்னல்போல வெட்டிய மவுண்ட் அட்டை இருந்தாலே இரண்டும் ஒட்டாது. படத்தை மவுண்டில் பசையோ செல்லோ டேப்போ போட்டு ஒட்டாமல், நான்கு மூலைக்கும் காகித உறை மடித்துச் செருகச் சொல்லுங்கள். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு. மேற்குப் பக்க வெளிச்சுவரிலும் ஓட்டு ஒழுக்கு இறங்கும் சுவரிலும் காகிதப் படம் எதுவும் வேண்டாம், உட்சுவரே நல்லது.

அந்துருண்டையைச் சட்டத்துக்குப் பின்னால் செருகுபவர்கள் உண்டு. அதன் ஆவி மறுபடியும் படிகமாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். பச்சை வேப்பிலையோ ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் இருமுறை, மழை இல்லாத நாளில், காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை அறைக் கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வைத்து, எண்ணைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னால் சிங்கப்பூரிலிருந்தே கண்காணிக்கலாம்.

படங்களை இறக்கி வைப்பதானால் படுக்கையாக அடுக்காதீர்கள். தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், நிறுத்தி, முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, நடுவே அட்டை. மேலே பருத்தித் துணி. பிளாஸ்டிக் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

எடுத்துப்போவதைப் பற்றி: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உள்ள ஓவியத்தைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. குடும்பச் சொத்து என்பதால் விலக்கு இல்லை. 100 ஆண்டு ஆகாதது என்றாலும், பழையதாகத் தோற்றமளித்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ஊரில் இருக்கட்டும். நல்ல ஸ்கேனிலிருந்து எடுத்த பிரதி சிங்கப்பூரில் தொங்கட்டும். அப்பத்தாவின் படத்துக்கு எங்கள் யோசனை இதுதான்.

கோட்டையூர் வாசகர்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் 'ரவி வர்மா அசல்' என்று சொல்லி ஒரு படம் விற்றார்கள். புத்தக அறைக்காக வாங்கினேன். அசலா என்று எப்படித் தெரியும்?

தூரிகையால் வரைந்த அசலாக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. ராஜா ரவி வர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோனாவாலா பக்கம் மாறியது. அங்கிருந்து வந்த ஒலியோகிராஃப் என்னும் வண்ணக் கல்லச்சுப் படங்கள்தான் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய உண்டு. அவையும் இப்போது மதிப்புள்ளவையே.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கன்னத்தையோ புடவை மடிப்பையோ பாருங்கள். ஒழுங்கான வரிசையில், பூப்போல வட்டமிட்ட புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற துகள்கள், ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று படிந்து, சில இடங்களில் விளிம்பு தாண்டியிருந்தால் பழைய கல்லச்சு. மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ் போன்ற நெசவுத் தடத்தை அழுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் பலர் தூரிகை வேலை என்று ஏமாறுகிறார்கள். படத்தின் கீழ் ஓரத்தில் 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவாலா' என்பதுபோல ஆங்கிலத்தில் சிறிய எழுத்து இருக்கலாம். பல படங்களில் சட்டத்துக்குப் பொருத்துவதற்காக அந்த ஓரத்தையே வெட்டியிருப்பார்கள். பெயர் இருப்பதாலும் இல்லாததாலும் மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

ஜரிகையும் துணியும் தைத்து அலங்கரித்த படம் என்றால் அதை எடுத்துவிடாதீர்கள், அதுவும் அந்தப் படத்தின் வரலாறு. இப்படிப்பட்ட படத்துக்கும் மவுண்ட் தேவை. ஜரிகை கண்ணாடியில் அழுந்தக் கூடாது.

காரைக்குடி ஆசிரியை: புதிய வீட்டில் சின்னப் படிப்பறை. பெரிய செலவு செய்ய இயலாது. உலகப் புகழ்பெற்ற உருவ ஓவியங்களை அச்செடுத்து மாட்ட ஆசை. எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம், எப்படி அச்செடுப்பது?

படிப்பறைக்கென்றே அமைந்ததுபோல ஓர் ஓவியம் உண்டு. ஹான்ஸ் ஹோல்பைன் 1523-இல் வரைந்த எராஸ்மஸ், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறிஞர் பக்கவாட்டில் திரும்பி, கண்ணைத் தாழ்த்தி எழுதிக்கொண்டிருக்கிறார். விரல்களுக்கிடையே எழுதுகோல், அதற்குக் கீழே தாள். நம்மைப் பார்க்காத முகம் என்பதால் எழுத உட்கார்ந்தவரைத் தொந்தரவு செய்வதில்லை. அசல் சுமார் 42 × 32 செ.மீ.தான்; அசல் அளவிலேயே அச்செடுத்து மேசைக்கு எதிரே மாட்டலாம்.

ரெம்பிராண்ட் 1661-இல் தன்னையே பவுல் அடியாராக வரைந்துகொண்ட ஓவியம் இன்னொன்று. தலையில் வெள்ளைத் துணி, கையில் ஏட்டுக்கட்டு, பின்புலம் முழுக்க இருட்டு. அது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர்களே உயர்ந்த தெளிவுள்ள கோப்பை இலவசமாகத் தருகிறார்கள். அசல் ஏறக்குறைய 3 அடிக்கு இரண்டரை அடி. சின்ன அறைக்குப் பாதி அளவு போதும்.

மூன்றாவதாக நம் ஊரையே வையுங்கள். 1919-இல் பாரதியார் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த போட்டோ. ஓவியம் இல்லைதான், ஆனாலும் காரைக்குடிப் படிப்பறையில் அதற்கு ஈடு எது? கறுப்பு வெள்ளைப் படத்தைச் செயலியில் போட்டு வண்ணம் ஏற்றாதீர்கள். முகமே மாறிவிடுகிறது. இந்த மூன்றுமே காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் அச்செடுக்கத் தடையில்லை.

அச்சுக் கணக்கு எளிது. படத்தின் பிக்சல் எண்ணை 200 ஆல் வகுத்தால், எத்தனை அங்குலம் வரை தெளிவாக வரும் என்று கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வரும் படம் பெரும்பாலும் நீளப்பக்கம் 1600 பிக்சல்; 8 அங்குலத்துக்கு மேல் போனால் கண்ணிமை கரைந்துவிடும். எராஸ்மஸுக்கு நீளப்பக்கம் குறைந்தது 3300 பிக்சல் வேண்டும். பிக்மென்ட் மை, மேட் பருத்திக் காகிதம் என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்புக் காகிதத்தில் ரெம்பிராண்டின் இருட்டு முழுக்க டியூப்லைட்தான் தெரியும். முழு அச்சுக்கு முன் முகத்தை மட்டும் 6 அங்குலத் துண்டாக அச்செடுத்து, உங்கள் அறை வெளிச்சத்தில் பாருங்கள். இருண்ட படங்கள் திரையில் தெரிவதைவிடக் காகிதத்தில் இன்னும் இருண்டு போகும். கொஞ்சம் வெளிச்சம் ஏற்றச் சொல்ல நேரும். மவுண்ட் மூன்று பக்கம் இரண்டரை அங்குலம், கீழே 3 அங்குலம். கீழே அந்த அரை அங்குலம் கூடுதலாக இல்லாவிட்டால் படம் வழுக்கி இறங்கியதுபோல் தோன்றும்.

கானாடுகாத்தான் வாசகர்: படத்துக்கு என்ன விளக்கு போடலாம்?

3000 கெல்வின் எல்.ஈ.டி., நிறம் காட்டும் தரம் (CRI) 90-க்கு மேல். கூரையிலிருந்து செங்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் ஒளி விழ வேண்டும். அதைவிட நேராக எதிரே இருந்தால் கண்ணாடியில் விளக்கே தெரியும், சுவரை ஒட்டி வந்தால் சட்டத்தின் நிழல் நெற்றியில் விழும். படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு ஆயில் பெயின்டிங்குக்கு 150 முதல் 200 லக்ஸ். போட்டோ, கல்லச்சு, நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் போதும். மொபைல் செயலியில் தோராயமாக அளக்கலாம். படிக்க வேண்டிய வெளிச்சத்தை மேசை விளக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்து வெயில் நேராக எட்டும் இடத்தில் காகிதப் படம் இருந்தால் எந்த விளக்கும் அதைக் காப்பாற்றாது. எதிர்ச்சுவரில் பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் அது எந்த நேரத்தில் எங்கே வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டு ஆணியிடம் போங்கள்.

ஆத்தங்குடி வாசகி: பெரியவர்கள் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடாமல் இருக்க மனம் வரவில்லை. படம் கெடும் என்கிறார்கள்.

வைக்கலாம், இடம் பார்த்து வைக்க வேண்டும். கண்ணாடி போட்ட படத்தில் கண்ணாடிமேல் பொட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் தண்ணீராகக் குழைத்த சந்தனம் வழிந்து, கண்ணாடியும் சட்டமும் சேரும் கீழ் இடுக்கில் இறங்கும். அங்கிருந்து மவுண்ட் அட்டை அதை உறிஞ்சும். பழைய படங்களில் கீழ் ஓரம் அலையலையாகப் பழுப்பேறியிருப்பது பெரும்பாலும் இதனால்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மிளகளவு வையுங்கள். மறுமுறை வைக்கும் முன் உலர்ந்ததைத் துணியில் எடுத்துவிடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் படத்தின் மேல் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

கண்ணாடி இல்லாத ஆயில் பெயின்டிங்கில் பொட்டு வைக்கவே கூடாது. குங்குமத்தின் சாயம் வார்னிஷில் இறங்கினால் எடுக்க முடியாது. அதற்குச் சட்டத்தின் மேல்மரத்தில் வையுங்கள். மாலைக்குப் படத்துக்கு இருபுறமும் 2 அங்குலம் தள்ளித் தனிக் கொக்கி அடித்து, மாலை படத்தைத் தொடாமல் முன்னால் தொங்கும்படி செய்யுங்கள். பூ வாடுமுன் எடுத்துவிடுங்கள். எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் படத்துக்கு நேர் கீழே வேண்டாம். அந்தப் புகைதான் பல வீடுகளில் பாட்டையா முகத்தைக் கறுப்பாக்கியிருக்கிறது. அதைத் துடைக்க உருளைக்கிழங்கு, ரொட்டி, தேங்காயெண்ணெய் என்று சொல்வதையெல்லாம் கேட்காதீர்கள். எண்ணெய் சில வாரம் பளிச்சென்று காட்டி, பிறகு அத்தனை தூசையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ராயவரம் வாசகர்: ஆயாவின் சிறிய போட்டோவிலிருந்து ஆயில் பெயின்டிங் வரையச் சொல்லப் போகிறேன். என்ன அளவு, என்னென்ன கவனிக்க வேண்டும்?

உருவ ஓவியத்துக்கு ஆங்கிலேய ஓவியர்கள் வழக்கமாகக் கொண்ட அளவுகள் இன்றும் பொருந்தும்: தலையும் தோளும் என்றால் 30 × 25 அங்குலம், ஒரு கையும் சேர்ந்தால் 36 × 28, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் வரை என்றால் 50 × 40. படிப்பறைக்கு முதலாவதே போதும். முகத்தை உயிரளவைவிடச் சற்றுச் சிறிதாக வரையச் சொல்லுங்கள். பெரிதானால் சின்ன அறையில் முகம் நம்மேல் விழுவதுபோல் இருக்கும்.

போட்டோவை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொடுங்கள். போட்டோவில் தெளிவில்லாதவற்றை ஓவியர் ஊகித்து வரைந்துவிடுவார், தவறு நடப்பது அங்கேதான். கழுத்திரு என்னும் செட்டிநாட்டுத் தாலி ஆரம் வீட்டில் இருந்தால் வெள்ளைத் துணியில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு உருவையும் தனித்தனியே படம் பிடித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு நகைக்கடை ஆரம் வந்து உட்கார்ந்துவிடும். புடவைக் கட்டு, தோடு, மூக்குத்தி எந்தப் பக்கம், நெற்றியில் திருநீறு எப்படி என்று எழுதிக் கொடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். முகம் ஒரு போட்டோவிலிருந்தும் உடல் இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் நிழல் இரண்டு பக்கம் விழுந்து, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

கோட்டுருவம் முடிந்ததும் ஒருமுறை, ஒரு வண்ணத்தில் ஒளி நிழல் போட்டதும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆயாவைக் கண்ணால் பார்த்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். சாயல் திருத்துவது அந்த இரண்டு கட்டத்தில் எளிது. வண்ணம் ஏறிய பிறகு கடினம். தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தாலும் உள்ளே உலர 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். அதற்கு முன் இறுதி வார்னிஷ் பூசினால் பிறகு வெடிக்கும். அவசர விசேஷத்துக்கு என்று கேட்டால் வார்னிஷ் இல்லாமல் வாங்கி மாட்டிவிட்டு, அடுத்த ஆண்டு பூசிக்கொள்ளுங்கள்.

கண்டனூர் வாசகி: எங்கள் வீட்டில் நான்கு உருவப்படங்கள். இரண்டு பேர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?

படத்தை மெத்தைமேல் கவிழ்த்து வைத்து, பின்பலகையை நிதானமாக எடுங்கள். கேன்வாஸை இழுத்துக் கட்டிய கட்டையில் பென்சிலில் பெயரோ தேதியோ இருக்கலாம். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கலாம். போட்டோ என்றால் அட்டையின் கீழ் ஓரத்தில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் புடைப்பாக இருக்கும்; சாய்ந்த வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரங்கூன், பினாங்கு என்று ஊர் தெரிந்தால் அங்கே கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, போனவர் யார் என்று குடும்பக் கணக்கேட்டில் தேடலாம். செய்தித்தாள் அடைத்திருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் அந்த நாளுக்குப் பிறகு போட்டது.

தெரிந்த இருவருக்கும் இன்றே எழுதி வையுங்கள். அமிலமில்லா அட்டைத் துண்டில், பென்சிலில்: பெயர், ஊர், எந்தக் கோவிலைச் சேர்ந்த பங்காளிகள், பிறந்த ஆண்டு, யாருக்கு என்ன உறவு. அதைப் பின்பலகையின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். கேன்வாஸின் முதுகில் பேனாவால் எழுதாதீர்கள், சில ஆண்டில் மை முன்பக்கம் வந்து முகத்தில் தெரியும்.